கவர்னர் ஜெனரல்களின் நீலக் கொடி: விகிதம், சிங்கம், கிரீடம், பெயர்

கேள்வி இதுதான்: "1947-க்குப் பிறகு இந்தியாவிலும் இலங்கையிலும் கவர்னர் ஜெனரல் பறக்கவிட்ட கொடியை ஒரு கண்காட்சிக்காகத் தைக்க வேண்டும். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கொடிகளும் பார்ப்பதற்கு ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கின்றன. நீள அகல விகிதம் என்ன? நாட்டுக்கு நாடு எது மாறுகிறது? எந்த நுணுக்கத்தில் தவறு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்?"

முதலில் சுருக்கமான பதில். விகிதம் 1:2. அதாவது கம்பத்தை ஒட்டிய உயரம் ஒரு பங்கு என்றால் நீளம் இரண்டு பங்கு. களம், அதாவது சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் பரப்பு, முழுவதும் அடர் நீலம். சரியாக நடுவில் பிரிட்டிஷ் அரச முகட்டுச் சின்னம்: ஒரு பெரிய கிரீடம், அதன்மேல் நான்கு கால்களையும் ஊன்றி, முகத்தை நம் பக்கம் திருப்பி நிற்கும் பொன்னிறச் சிங்கம், சிங்கத்தின் தலையில் இன்னொரு கிரீடம். அதற்குக் கீழே நாட்டின் பெயர். பெரும்பாலான நாடுகளில் இதுவே வடிவம். மாற்றங்கள் வந்ததெல்லாம் கிரீடத்தின் வடிவத்திலும் பெயர் எழுதிய பட்டையிலும்தான். அந்த இரண்டையும் கவனித்துப் பார்த்தால் எந்தக் கொடி எந்த நாட்டினுடையது, எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். அதனால் அவற்றைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன்.

விகிதத்திலிருந்து தொடங்குகிறேன். 1:2 என்பதை அழகுக்காக யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. அது துணியின் அகலத்திலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கடற்படைக் கொடிகளைப் பன்டிங் என்ற மெல்லிய கம்பளித் துணியில் தைத்தார்கள். துணி ஒரு குறிப்பிட்ட அகலத்தில் நெய்யப்பட்டு வரும். அந்தப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துத் தைப்பார்கள். எத்தனை பட்டை என்பதே கொடியின் அளவு. ஒரு பட்டைக்கு அரை கஜம், அதாவது 18 அங்குலம் நீளம் என்பது வழக்கமான கணக்கு. 17-ஆம் நூற்றாண்டில் துணியின் அகலம் 11 அங்குலம். அப்போது கொடியின் விகிதம் 11:18 என்று வந்தது. இது கிட்டத்தட்ட 3:5. பிறகு துணி 10 அங்குலமாகக் குறைந்தது, அதன்பின் 9 அங்குலமானது. நீளக் கணக்கு மட்டும் மாறவே இல்லை. 9-க்கு 18, அதாவது 1:2. நான்கு பட்டைக் கொடி என்றால் 36 அங்குல உயரம், 72 அங்குல நீளம். கொடிகளை நீளத்தைக் கொண்டு "இரண்டு கஜக் கொடி", "மூன்று கஜக் கொடி" என்று சொல்லும் பழக்கம் பிரிட்டிஷ் வியாபாரிகளிடம் இன்றும் இருக்கிறது. கவர்னர்களின் கொடிகள் கடற்படை வழியாக வந்தவை என்பதால் அவையும் இதே அளவில் நின்றுவிட்டன.

நம் தேசியக் கொடி 2:3. இந்தியக் கொடியோடு ஒரே வரிசையில் மாட்டும்போது 1:2 கொடி கொஞ்சம் ஒல்லியாக, நீண்டு தெரியும். உயரத்தைச் சமமாக வைத்தால் நீளம் ஒத்துவராது. நீளத்தைச் சமமாக்கினால் உயரம் குறையும். கண்காட்சியில் இதை முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடலாம் என்று கவர்னர் ஜெனரல் கொடியை 2:3-இல் வெட்டினால் அது வேறு கொடியாகிவிடும்.

இந்த நீலக் கொடிக்கு முன்னால் வேறொரு குடும்பம் இருந்தது. 1869-இல் விக்டோரியா அரசியின் ஆணைப்படி, காலனி கவர்னர்கள் பிரிட்டனின் தேசியக் கொடியான யூனியன் கொடியின் நடுவில் தங்கள் காலனியின் சின்னத்தை வைத்துப் பறக்கவிட அனுமதி கிடைத்தது. இந்த ஏற்பாடு முதலில் படகுக்கும் கப்பலுக்குமாக வந்தது. கடலில் யூனியன் கொடியை வெறுமனே பாய்மரத்தில் ஏற்றினால் அது கடற்படையின் மிக உயர்ந்த தளபதி அந்தக் கப்பலில் இருப்பதற்கான அடையாளம். கவர்னர் படகில் போகும்போது அந்தக் குழப்பம் வரக்கூடாது. எனவே நடுவில் ஒரு வெள்ளை வட்டம், அதற்குள் காலனியின் சின்னம், வட்டத்தைச் சுற்றிப் பச்சை இலைமாலை.

அந்த இலைமாலை எதற்கு என்று பலருக்கும் தெரிவதில்லை. யூனியன் கொடியின் உயரத்தை 30 பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவே போகும் சிவப்புச் சிலுவை 6 பங்கு. அதன் இருபுறமும் வெள்ளைக் கரை 2 பங்கு வீதம். ஆக மொத்தம் 10 பங்கு, கொடியின் உயரத்தில் மூன்றில் ஒன்று. மூலைவிட்டச் சிலுவையில் அகலமான வெள்ளை 3, சிவப்பு 2, ஒல்லியான வெள்ளை 1. நடுவில் வைக்கும் வட்டம் 10 பங்கைத் தாண்டினால்தான் சிலுவையின் வெள்ளைக் கரைகளையும் மறைத்து முழு வட்டமாகத் தெரியும். ஆனால் அப்படித் தாண்டியதும் வட்டத்தின் வெள்ளையும் கரைகளின் வெள்ளையும் ஒன்றோடொன்று கலந்து, வட்டத்தின் விளிம்பு அங்கங்கே காணாமல் போகும். பச்சை மாலை அந்த இரண்டு வெள்ளைகளையும் பிரித்துக் காட்டுகிறது. பார்வைக்கு அலங்காரம்தான், ஆனாலும் அது இல்லாவிட்டால் தூரத்திலிருந்து அந்தக் கொடியைப் படிக்கவே முடியாது. இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. கனடா அந்த மாலையை மேப்பிள் இலைகளால் கட்டிக்கொண்டது.

இலங்கையின் பிரிட்டிஷ் கவர்னர் கொடியும் இந்தக் குடும்பம்தான். தாதுகோபத்தின் (பௌத்த ஸ்தூபியின்) முன்னே நிற்கும் யானை நடுவில் இருக்கும். இந்திய வைஸ்ராயின் கொடி மட்டும் விலக்கு. அதில் வெள்ளை வட்டமும் இல்லை, மாலையும் இல்லை. 1861-இல் ஏற்படுத்திய 'ஸ்டார் ஆஃப் இந்தியா' விருதின் நட்சத்திரத்தையே யூனியன் கொடியின் நடுவில் நேரடியாக வைத்தார்கள். பொன்னிறக் கதிர்கள், நடுவே ஐந்து முனை நட்சத்திரம், அதைச் சுற்றி வெளிர்நீல வளையத்தில் 'வானின் ஒளி எமக்கு வழிகாட்டி' என்ற பொருள் தரும் ஆங்கில வாசகம், உச்சியில் கிரீடம். கதிர்கள் பொன்னிறம் என்பதால் வெள்ளையோடு கலக்கும் தொல்லை இங்கே வரவில்லை. மாலை தேவைப்படாமல் போனது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். கண்காட்சியில் வைஸ்ராய் கொடியையும் கவர்னர் ஜெனரல் கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 1947 ஆகஸ்டில் என்ன மாறியது என்பதை ஒரு வார்த்தை சொல்லாமல் காட்டலாம்.

அப்புறம் நீலக் கொடி எப்படி வந்தது? அதற்கு அரசியல் காரணம் உண்டு. 1926-இல் லண்டனில் நடந்த பேரரசு மாநாடு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. டொமினியன்களில், அதாவது பிரிட்டிஷ் மன்னரின் கீழ் தன்னாட்சி பெற்ற நாடுகளில், இருக்கும் கவர்னர் ஜெனரல் இனிமேல் மன்னரின் பிரதிநிதி மட்டுமே. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் முகவர் அல்ல. 1930 மாநாடு இன்னும் ஒரு படி மேலே போனது. கவர்னர் ஜெனரலை நியமிக்க மன்னருக்கு ஆலோசனை சொல்வது அந்தந்த டொமினியன் அமைச்சர்கள் என்று முடிவானது. அப்படியானால் அவர் தலைக்குமேல் யூனியன் கொடி பறப்பது பொருந்தாது. அது பிரிட்டனின் கொடி. மன்னரின் தனிக் கொடியையும் அவருக்குக் கொடுக்க முடியாது. அது மன்னர் நேரில் இருக்கும் இடத்தில் மட்டும் பறக்க வேண்டியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியாக, மன்னரின் முழு அரச சின்னத்திலிருந்து உச்சியில் உள்ள பகுதியை மட்டும், அதாவது கிரீடமும் சிங்கமும் கொண்ட முகட்டுச் சின்னத்தை மட்டும் எடுத்து நீலத்தில் வைத்தார்கள். கீழே நாட்டின் பெயர். மேலே மன்னர், கீழே நாடு. பதவியின் புதிய விளக்கம் அப்படியே படமாகிவிட்டது.

1931-இல் கனடாவும் தென்னாப்பிரிக்காவும் இதற்கு மாறின. ஆஸ்திரேலியா 1936-இல் மாறியது. நியூசிலாந்து அதற்கு அடுத்து வந்தது. 1947-இல் இந்தியாவும் பாகிஸ்தானும், 1948-இல் இலங்கையும் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டன. பிறகு விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் பலவற்றுக்கும், மன்னராட்சியைத் தொடர்ந்த காலம் வரை, இதுவே கிடைத்தது. மொரீஷியஸ் 1968 முதல் 1992 வரை இதை வைத்திருந்தது. அங்கே கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்து, குடியரசானதும் முதல் குடியரசுத் தலைவரான சர் வீராசாமி ரிங்காடு தமிழ் மரபினர்.

இப்போது கிரீடம். கண்காட்சிக்குக் கொடி செய்கிறவர்கள் அதிகமாகத் தவறுகிற இடம் இது. 1953-க்கு முந்திய கொடிகளில் இருப்பது டியூடர் கிரீடம். அதன் வளைவுகள் இரு பக்கத்திலிருந்தும் எழுந்து உச்சியில் வட்டமாகச் சேரும். நடுவில் பள்ளம் கிடையாது. இரண்டாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்ததும் அவர் புனித எட்வர்ட் கிரீடத்தைத் தேர்ந்துகொண்டார். அதில் வளைவுகள் தோள்போல உயர்ந்து, நடுவே கீழிறங்கும். அந்தப் பள்ளத்தில்தான் உருண்டையும் சிலுவையும் அமர்ந்திருக்கும். 1953 வாக்கில் கவர்னர் ஜெனரல் கொடிகளிலும் இந்த மாற்றம் வந்தது. சிங்கத்தின் காலடியில் ஒரு கிரீடம், தலையில் ஒரு கிரீடம் என்று இரண்டு இருப்பதால், இரண்டையும் மாற்ற வேண்டும். கீழே உள்ளதை மட்டும் சரியாக வரைந்து, மேலே உள்ள சின்னதைக் கவனிக்காமல் விட்ட படங்கள் நிறையவே இருக்கின்றன.

இந்தியாவில் நீலக் கொடி பறந்தது 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26 வரை. முதலில் மவுண்ட்பேட்டன், 1948 ஜூன் 21 முதல் ராஜாஜி. அந்தக் காலம் முழுவதும் ஆறாம் ஜார்ஜ்தான் மன்னர். ஆகவே இந்தியக் கொடிக்கு டியூடர் கிரீடம் மட்டுமே சரி. இணையத்தில் கிடைக்கும் 1953-க்குப் பிந்திய ஆஸ்திரேலியக் கொடியின் சிங்கத்தை அப்படியே எடுத்து 'இந்தியா' என்று எழுதிவிட்டால், ராஜாஜி ஒருநாளும் பார்த்திராத ஒரு கிரீடத்தை அவருடைய கொடியில் ஏற்றியதாக ஆகும். இந்தியக் கொடியில் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், பொன்னிறத்தில், கிரீடத்துக்குக் கீழே இருந்தது.

இலங்கையின் கதை வேறு. அங்கே நீலக் கொடி 1948 முதல் 1972 மே 22 வரை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு பறந்தது. சர் ஹென்றி மூர், சோல்பரி பிரபு, சர் ஒலிவர் குணதிலக்க, வில்லியம் கோபல்லாவ என்று நான்கு மகாதேசாதிபதிகள் (கவர்னர் ஜெனரலுக்கு இலங்கைத் தமிழில் உள்ள பெயர்). எந்த ஆண்டுக் கொடியைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கிரீடம் மாறும். சோல்பரியின் பதவிக்காலம் 1949 முதல் 1954 வரை என்பதால், அவருடைய காலத்திலேயே இரண்டு கிரீடங்களும் வருகின்றன. குணதிலக்கவையும் கோபல்லாவவையும் காட்டுவதாக இருந்தால் புனித எட்வர்ட் கிரீடம். பட்டையில் 'சிலோன்' என்று ஆங்கில எழுத்தில் ஒரே பெயர்.

இனி அந்தப் பட்டைக்கு வருகிறேன். சுருண்ட காகிதம் போலத் தோன்றும் இந்தப் பட்டையில் நாட்டின் பெயர் எழுத வேண்டும் என்பதே முழு வடிவமைப்பின் பலவீனமான இடம் என்பது என் கருத்து. ஒரு கொடி தூரத்திலிருந்து பார்த்ததும் புரிய வேண்டும். காற்றில் அசையும் துணியில் எழுத்தை யாரும் படிப்பதில்லை. பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நியூசிலாந்து எல்லாமே ஒரே கொடி.

பெயரின் நீளம் பட்டையின் அளவைப் பாதித்தது. கனடாவுக்குப் பிரச்சினை இல்லை. சின்னப் பெயர், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே மாதிரி எழுதலாம். ஆஸ்திரேலியாவின் பட்டையில் 'காமன்வெல்த் ஆஃப் ஆஸ்திரேலியா' என்று முழுப் பெயரும் வர வேண்டும். பட்டை நீண்டு, எழுத்து சிறுத்தது. தென்னாப்பிரிக்காவுக்கு இரண்டு ஆட்சிமொழிகள். ஆங்கிலத்தில் ஒரு முறை, ஆப்பிரிக்கான்ஸில் ஒரு முறை என்று பெயரை இரண்டு தடவை எழுத வேண்டியதாயிற்று. ஒரே நீலம், ஒரே சிங்கம், ஆனால் இந்த நாடுகளின் மொழி அரசியல் பட்டையின் அளவில் தெரிகிறது.

பட்டையையே தனக்கான அடையாளமாக மாற்றிக்கொண்ட நாடுகள் இரண்டு. ஃபிஜியில் தபுவா என்று ஒன்று உண்டு. அது திமிங்கலத்தின் பல். திருமணம், சமாதானம், மன்னிப்பு, வரவேற்பு என்று எந்தப் பெரிய காரியத்திலும் அதைக் கையில் ஏந்திக் கொடுப்பது ஃபிஜி மக்களின் உயர்ந்த மரியாதை. 1970-இல் ஃபிஜி விடுதலை பெற்றபோது, கவர்னர் ஜெனரல் கொடியில் காகிதச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் தபுவாவை வைத்து, நாட்டின் பெயரை அதன்மேல் எழுதினார்கள். 1987-இல் நாடு குடியரசாகும் வரை அந்தக் கொடி இருந்தது. சாலமன் தீவுகள் 1978-இல் விடுதலை பெற்றதும் இரட்டைத் தலை கொண்ட ஃபிரிகேட் கடற்பறவையைப் பட்டையாக்கியது. இரண்டிலும் சிங்கத்தையும் கிரீடத்தையும் தொடவில்லை, விகிதத்தையும் தொடவில்லை. எழுத்தைப் படிக்காவிட்டாலும் கொடி எந்த நாட்டுடையது என்று தெரிந்துவிடும். நீலக் கொடிக் குடும்பத்தில் மிக நேர்த்தியான கொடி எது என்று கேட்டால் நான் ஃபிஜியைத்தான் சொல்வேன்.

கனடா வேறு வழியில் போனது. 1981 பிப்ரவரி 23-இல் பிரிட்டிஷ் முகட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டுக் கனடாவின் சொந்த அரச சின்னத்தின் முகட்டை வைத்தது. அந்தச் சின்னம் 1921-இலிருந்தே கனடாவுக்கு இருந்தது. கொடிக்கு வர அறுபது ஆண்டு ஆயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் மறுபடியும் ஒரு கிரீடம் சூடிய பொன்னிறச் சிங்கம்தான். ஆனால் இந்தச் சிங்கம் நிற்கவில்லை, நடக்கிறது. முன்காலைத் தூக்கி அதில் ஒரு சிவப்பு மேப்பிள் இலையைப் பிடித்திருக்கிறது. காலடியில் கிரீடம் இல்லை. சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய துணி வளையம் இருக்கிறது. பெயர்ப் பட்டை போய்விட்டது. இலையே பெயரைச் சொல்லிவிடுகிறது. பட்டை இல்லாததால் சிங்கத்துக்கு இடம் கூடிற்று. 1:2 களத்தின் உயரத்தை அது முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. கொடி தூரத்திலும் எடுப்பாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இந்தச் சிங்கத்துக்கு ஒரு சிறிய சோதனையும் வந்தது. சின்னவியல் (அரச, குலச் சின்னங்களை வரையும் முறை) மரபில் சிங்கத்தின் நாக்கையும் நகங்களையும் தனி நிறத்தில், இங்கே சிவப்பில், காட்டுவார்கள். 1999-இல் நாக்கும் நகமும் இல்லாத ஒரு வடிவத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. சில ஆண்டுகளில் பழைய சிங்கமே திரும்பி வந்தது. வரையும்போது இதை நினைவில் வையுங்கள். நாக்கும் நகமும் சின்ன விஷயம் மாதிரி தோன்றும். ஆனால் அவை இல்லாத கனடியக் கொடி ஒரு குறுகிய காலத்துக்கு மட்டும் உரியது.

கனடாவின் மாகாணங்களில் மன்னரின் பிரதிநிதியாக இருப்பவர் லெப்டினன்ட் கவர்னர். நம் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் குடியரசுத் தலைவரின் சார்பில் ஒன்றியப் பகுதியை நிர்வகிப்பவர், அரசப் பிரதிநிதி அல்ல. கனடிய லெப்டினன்ட் கவர்னர்களின் கொடிகளை 1980-களின் தொடக்கத்தில் ஒரே அமைப்புக்குக் கொண்டுவந்தார்கள். அதே நீலம், அதே 1:2. நடுவில் மாகாணச் சின்னத்தின் கேடயம், அதைச் சுற்றி வட்டமாகப் பத்துப் பொன்னிற மேப்பிள் இலைகள், பத்து மாகாணங்களுக்குப் பத்து. உச்சியில் புனித எட்வர்ட் கிரீடம். நியூஃபவுண்ட்லாந்து 1987-இல் சேர்ந்துகொண்டது. பழைய பச்சை மாலை இங்கே பொன்னாகத் திரும்பி வந்திருப்பதைக் கவனியுங்கள். இது அழகான தொடர்ச்சி. வட்ட வடிவம் நீண்ட களத்தில் நடுவே கச்சிதமாக உட்காருகிறது, எந்த மாகாணக் கேடயத்தை மாற்றி வைத்தாலும் அமைப்பு குலைவதில்லை.

கியூபெக் இதில் சேரவில்லை. 1952 முதல் அதற்குத் தனிக் கொடி: நீலத்தில் வெள்ளை வட்டம், அதற்குள் மாகாணச் சின்னம், கிரீடம், 'நினைவில் வைத்திருக்கிறேன்' என்ற பொருள் கொண்ட பிரெஞ்சு வாசகம். நோவா ஸ்கோஷியாவும் அந்த 1980-களின் மாற்றத்தில் சேராமல், நடுவில் தன் சின்னம் கொண்ட யூனியன் கொடியையே வைத்துக்கொண்டது.

ஆஸ்திரேலியாவில் மத்திய கவர்னர் ஜெனரலின் கொடி பழைய நீலச் சிங்க வடிவத்திலேயே தொடர்கிறது. மாநில கவர்னர்கள் 1970-களிலும் 80-களிலும் யூனியன் கொடியை விட்டு மாறினார்கள். மாநிலக் கொடியையே எடுத்து, அதிலுள்ள மாநிலச் சின்னத்துக்கு மேலே ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். குயின்ஸ்லாந்து மட்டும் பழையபடி யூனியன் கொடியோடு நின்றது. இதற்குமேல் அங்கே வடிவமைப்பில் சொல்ல அதிகம் இல்லை.

நியூசிலாந்து 2008-இல், ஆனந்த் சத்யானந்த் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, சிங்கத்தை முழுக்கக் கைவிட்டது. ஃபிஜி இந்தியக் குடும்பத்தில் ஆக்லாந்தில் பிறந்தவர் அவர். நீலக் களமும் 1:2 விகிதமும் அப்படியே இருக்க, நடுவில் நியூசிலாந்துச் சின்னத்தின் கேடயத்தை வைத்து, அதன்மேல் ஒரு கிரீடம் வைத்தார்கள். கேடயத்தில் நான்கு நட்சத்திரங்கள், ஆட்டுக்கம்பளி, கோதுமைக் கதிர்க்கட்டு, குறுக்காக வைத்த சுத்தியல்கள், நடுப்பட்டையில் மூன்று கப்பல்கள். நாட்டின் பெயரை எழுதத் தேவை இல்லாமல் போனது. கனடா சிங்கத்தைத் தனதாக்கியது. நியூசிலாந்து அதை விட்டுக் கேடயத்தை எடுத்தது. இரண்டும் பட்டையிலிருந்து விடுபட்டன.

இந்தியா வேறு பாதையில் போனது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1950-இல் கவர்னர் ஜெனரல் பதவி போய்க் குடியரசுத் தலைவர் வந்ததும், நீலமும் சிவப்பும் கொண்ட நான்கு கட்டங்களாகப் பிரித்த ஒரு தனிக் கொடி வந்தது. அசோகர் தூணின் சிங்கங்கள், அஜந்தா ஓவியத்து யானை, செங்கோட்டையின் தராசு, சாரநாத்தின் தாமரைக் கலசம். நான்கும் இந்திய மண்ணிலிருந்து எடுத்தவை. 1971 ஆகஸ்ட் 15-இல் அதுவும் கைவிடப்பட்டு, தேசியக் கொடியே குடியரசுத் தலைவரின் கொடியாயிற்று. இன்று மாநில ஆளுநரின் காரில் பறப்பதும் தேசியக் கொடிதான். கொடி விதிகள் அதற்கு 225 × 150 மில்லிமீட்டர் என்று அளவு சொல்கின்றன, அதே 2:3.

சரி, நடுச் சின்னத்தை எவ்வளவு பெரிதாக வரைவது? சின்னவியல் விளக்கங்களில் அங்குலக் கணக்கு இருக்காது. என்ன உருவம், என்ன நிறம், எப்படி நிற்கிறது என்று சொல்லிவிட்டு, அளவை வரைபவர் கைக்கு விட்டுவிடும் மரபு அது. அதனால் ஒரே நாட்டின் இரண்டு கொடிகளில் சிங்கம் சற்றுப் பெரிதும் சிறிதுமாக இருப்பது தவறாகாது. நான் வரையும்போது செய்வது இது. கொடியின் உயரத்தைப் பத்தாகப் பிரித்து, சிங்கத்தின் கிரீடத்து உச்சி முதல் பெயரின் அடிவரை எட்டுப் பங்குக்குள் அடக்குவேன். மேலும் கீழும் ஒவ்வொரு பங்கு நீலம். இது சட்டம் சொல்லும் அளவு அல்ல, பழைய படங்களோடு பொருந்தி வருகிற ஒரு நடைமுறை. இடவலமாகப் பார்த்தால் நிறைய நீலம் காலியாக இருக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். காலியாக இருக்கிறதே என்று சின்னத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடக் கூடாது. கணினியில் 2:3 படத்தை 1:2-க்கு நீட்டினால் இதுதான் நடக்கும். சிங்கம் நீண்டு, கிரீடம் தட்டையாகிவிடும்.

சிங்கத்தின் உடல் எப்போதும் கம்பத்தை நோக்கி இருக்க வேண்டும். கொடியின் முன்புறத்தில், அதாவது கம்பம் நமக்கு இடப்பக்கம் இருக்கும்போது, சிங்கம் இடப்பக்கம் பார்த்து நிற்கும். முகம் மட்டும் நம்மை நோக்கித் திரும்பியிருக்கும். ஒற்றைத் துணியில் அச்சடித்தால் பின்புறத்தில் சிங்கம் சரியாகவே கம்பத்தை நோக்கும், ஆனால் பெயர் இடவலம் மாறிய கண்ணாடி எழுத்தாகிவிடும். ஆகவே கண்காட்சியில் கொடியைச் சுவரில் மாட்டாமல் கம்பத்தில் ஏற்றி இரண்டு பக்கமும் பார்க்க வைப்பதாக இருந்தால், இரண்டு துணிகளில் தனித்தனியாகச் செய்து, முதுகோடு முதுகு சேர்த்துத் தையுங்கள். பின்புறத் துணியில் சிங்கம் வலப்பக்கம் பார்க்கட்டும், எழுத்து இடமிருந்து வலமாகவே ஓடட்டும். எடை கொஞ்சம் கூடினாலும், நடுவில் ஒரு மெல்லிய துணியை வைத்துத் தைத்தால் ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் நிழலாடாது.